எழுநூற்று இருபத்தொன்பதில் ஒரு வழி

"சீட்ட எழுதுறது யாரு மேடம்?" என்று லிஃப்ட்காரர் கேட்டபோது, நான் பலகையில் மூன்றின் அடுக்கு ஆறு என்று எழுதி, பக்கத்தில் எழுநூற்று இருபத்தொன்பது என்று போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தேன். கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லத்தான் திரும்பினேன்.

சனிக்கிழமை காலை வகுப்பு அது. வருகிறவர்கள் எல்லாருமே வேலையில் இருப்பவர்கள். பதவி உயர்வு வேண்டுமென்றால் புள்ளியியலில் ஒரு தாள் தேற வேண்டும் என்று எந்த மகானுபாவரோ விதி எழுதிவைத்துவிட்டார். அந்தப் பாவத்துக்கு வாரம் முழுக்க உழைத்துவிட்டு, ஆறாம் நாள் காலையில் என் முகத்தில் வந்து விழிக்கிறார்கள். முதல் வரிசையில் ஒரு நர்ஸ். அவருக்குப் பின்னால் பார்சல் ஆபீஸில் தரம்பிரிக்கும் ஒருவர். ஜன்னலோரம் லிஃப்ட் பழுதுபார்க்கும் ஆள். அவரை வகுப்பில் எல்லாரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிடுவார்கள், அவருக்கும் அதில் வருத்தமில்லை. இன்னும் ஒரு பத்துப் பதினைந்து பேர். பாடப்புத்தகத்தில் பெட்டியில் சிவப்புப் பந்து, நீலப் பந்து, பச்சைப் பந்து என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள். நர்ஸ் அன்றைக்குப் பொறுமை இழந்து, "இத எழுதினவங்க வாழ்க்கையில பந்தத் தவிர வேற எதையும் பாத்ததே இல்லையா மேடம்?" என்று கேட்டார். எனக்கும் அலுத்துப்போயிருந்தது. பந்து வேண்டாம், மனிதர்களை வைத்துக்கொள்வோம் என்றேன். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"ஒரு ஆபீஸ்னு வச்சுக்குங்க. மூணு பேரு. வருஷம் முழுக்க ஒருத்தர் மட்டும் ஒரு கஷ்டமான டியூட்டி பாக்கணும். யாருக்கும் இஷ்டமில்ல. அதனால வருஷத்துக்கு ஒரு தடவ மூணு பேரு பேரையும் எழுதி, சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒண்ண எடுக்கறாங்க. ஆறு வருஷமும் ஒரே ஆளு பேருதான் வருது. அந்த ஆளுக்கு அப்படி நடக்க நிகழ்தகவு என்ன?"

நர்ஸ் மளமளவென்று பெருக்கினார். முதல் வருடம் மூன்றில் ஒன்று, இரண்டாம் வருடத்தோடு ஒன்பதில் ஒன்று, பிறகு இருபத்தேழு, எண்பத்தொன்று, இருநூற்று நாற்பத்து மூன்று. ஆறாவதில் எழுநூற்று இருபத்தொன்பதில் ஒன்று. பார்சல் ஆபீஸ்காரர் ஒருபடி மேலே போய், ஆளுக்கு இரண்டு வருடம் என்று சமமாகப் பிரிய எத்தனை வழி என்று எண்ணிப் பார்த்தார். மொத்தம் எழுநூற்று இருபத்தொன்பது வழி, அதில் சமமாகப் பிரிவது தொண்ணூறு. "எல்லாம் அந்த ஒரே ஆளு தலையில விழ ஒரே ஒரு வழிதான் மேடம் இருக்கு" என்றார். மனிதர்களை வைத்துச் சொன்னதும் எல்லாருக்கும் கணக்கு வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் லிஃப்ட்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"யார் எழுதினா என்ன? நேர்மையாக் குலுக்குறாங்கன்னு வச்சுக்கிட்டுத்தான் கணக்கே" என்றேன் ஒருவழியாக.

"நீங்க வச்சுக்குவீங்க மேடம். லிஃப்ட் ஆறு தடவ ஒரே மாடியில போய் நின்னா, அட, என்ன ஒரு அதிசயம்னு நான் அடுக்கும் பெருக்கலும் போட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். மூடியக் கழட்டி வயரப் பாப்பேன்." பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆறு வருஷமா மத்த ரெண்டு சீட்டப் பிரிச்சே பாக்கலயா? யாருய்யா அந்த அப்பாவி?" என்றார்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அப்பாவி கையில் சாக்பீஸோடு பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆபீஸும் இல்லை, டியூட்டியும் இல்லை. அந்த மூன்று பேர் அண்ணன், நான், தங்கை. குலுக்கலில் வருவது, அப்பா அடுத்த ஒரு வருடம் யார் வீட்டில் இருப்பார் என்பது. அம்மா இறந்துபோன வருடம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது, ஊன்றுகோலும் ஒரு ஆளின் தோளும் இல்லாமல் எழுந்து நிற்க முடியாது என்று ஆகிவிட்டது. தனியாக விட முடியாது. யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்ததும், அண்ணன் தொண்டையைச் செருமினான், தங்கை மடியைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே, "எதுக்கு யோசனை? சீட்டுப் போட்டுப் பாத்துடலாம். வருஷா வருஷம் போடலாம். யாருக்கும் மனக்குறை வராது" என்றுவிட்டார்.

எங்கள் வீட்டில் இது புதிதில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை யாருக்கு, புதுக் குடை யாருக்கு, முதலில் குளிப்பது யார் என்று எல்லாவற்றுக்கும் சிறுவயதிலிருந்து சீட்டுத்தான். அப்பா எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. கூடப் பிறந்த தம்பியின் கடையிலேயே எடைக்கல் குறைந்தது என்று பூட்டி சீல் வைத்துவிட்டு வந்தவர். சித்தப்பா மூன்று வருடம் எங்களோடு பேசவில்லை. "அப்பான்னா தராசு முள்ளு மாதிரி" என்று அம்மா பெருமையும் சலிப்புமாகச் சொல்வாள். அவர் சீட்டு எழுதும் அழகே தனி. அடிக்குச்சி வைத்து மூன்றையும் ஒரே அளவாக வெட்டுவார். மசிப்பேனாவால் எழுதுவார். நான்காக மடிப்பார். எடுக்கும் கை ஒவ்வொரு தடவையும் மாறும். ஒருவரே எடுத்தால் பழி வரும் என்பார். அதோடு ஒரு சட்டமும் வைத்திருந்தார். எடுத்த சீட்டை மட்டும்தான் பிரிக்க வேண்டும். மீதிச் சீட்டுகளை யாரும் பிரிக்கக் கூடாது. "அதப் பிரிச்சுப் பாக்கணும்னு தோணுச்சுன்னா சந்தேகம் வந்துடுச்சுன்னு அர்த்தம். வீட்டுக்குள்ள சந்தேகம் வந்துட்டா அப்புறம் அது வீடு இல்ல" என்று சொல்லி, அவற்றைப் பிரிக்காமலே நார்நாராகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

நான் புள்ளியியல் படித்ததற்கே அந்தச் சீட்டுகள்தான் காரணம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். மூன்று பேரில் கெட்டிக்காரன், செல்லம், நோஞ்சான் என்ற எதையும் பார்க்காத ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று எனக்கு அதன்மேல் அவ்வளவு மரியாதை.

முதல் வருடம் என் பெயர் வந்தது. உள்ளூரச் சந்தோஷம்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது என் இஷ்டம், அதற்காக யாரும் ஒப்பாரி வைக்க வேண்டாம். இரண்டு அறை வீடு, அப்பாவுக்கு ஒன்று ஒழித்துக் கொடுத்தேன். இரண்டாம் வருடமும் நானே. மூன்றாம் வருடம் என் பெயரைப் படித்தபோது அண்ணன், "உனக்கு ஏதோ ராசி இருக்கு" என்று சிரித்தான். நான்காம் வருடம் யாரும் சிரிக்கவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்மா நீ. அடுத்த வருஷம் மாறும் பாரு" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவர் வருத்தப்படுகிறாரே என்று நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். "சீட்டுக்கு ஞாபகசக்தி கிடையாதுப்பா. போன வருஷம் யாரு பேரு வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் மூணுல ஒண்ணுதான்" என்று பாடம் வேறு எடுத்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அட என் புத்தியே!

சந்தேகமே வரவில்லையா என்றால், வந்தது. ஆறாம் வருடம் வந்தது. அதையும் கணக்கு வைத்தே அடித்துப் போட்டேன். எனக்கே விழ எழுநூற்றுச் சொச்சத்தில் ஒன்று என்று ஏன் பார்க்க வேண்டும்? மூன்று பேரில் யாரோ ஒருவருக்கு ஆறும் விழ இருநூற்று நாற்பத்து மூன்றில் ஒன்று. உலகத்தில் எத்தனை வீடு இருக்கிறது? எங்காவது நடக்க வேண்டியதுதானே, அது என் வீட்டில் நடந்திருக்கிறது. இப்படி எனக்கு நானே காதில் பூச்சுற்றிக்கொண்டேன். இரண்டாம் பருவப் பாடக்குறிப்பில் நானே எழுதி வைத்திருக்கிறேன்: ஒன்றை முழுக்க முழுக்க நம்பிவிட்டவரை எந்தச் சான்றாலும் அசைக்க முடியாது, கணக்கு அவரிடம் வேலை செய்யாது. மாணவர்களுக்குக் கடைசி வரியில் அடிக்கோடு போடச் சொல்லுவேன்.

இந்த வருடம் மட்டும் ஒரு விஷயம் வேறு. வேறொரு ஊர்க் கல்லூரியில் எனக்கு நிரந்தர வேலை வந்திருந்தது. பத்தொன்பது வருடமாக மணிக்கு இவ்வளவு என்று பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது என்ன என்று அதே மாதிரி இருந்தவர்களுக்குத்தான் தெரியும். சொந்தமாக ஒரு மேசை. பெயர்ப்பலகை. முதல் வருடம் கல்லூரி விடுதியிலேயே தங்க வேண்டும், ஒற்றை அறை, கூட யாரையும் வைத்துக்கொள்ள முடியாது. இதே வேலை நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை வந்தது. சீட்டில் என் பெயர் வந்ததால் மாட்டேன் என்று எழுதிவிட்டேன். இப்போது எனக்கு நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏழாவது குலுக்கல். போனில் அண்ணனிடம் சொன்னபோது, "சீட்டுல உன் பேரு வரலேன்னா தாராளமாப் போயேன், யாரு தடுத்தா?" என்றான். தங்கை, "நல்லபடியா நடக்கும்க்கா" என்றாள். போகலாம் என்பதற்கு மூன்றில் இரண்டு என்று நான் சம்மதக் கடிதத்தைக்கூட எழுதி உறையில் போட்டுவிட்டேன்.

அன்று வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனபோது அப்பா மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அடிக்குச்சியை வைத்துக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இடது கையால் காகிதத்தை மறைத்துக்கொண்டார். எப்போதும் அப்படித்தான் செய்வார். பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று ஒவ்வொரு வருடமும் எனக்குச் சிரிப்பு வரும். இந்தத் தடவை வரவில்லை.

"டீ போடும்மா" என்றார்.

அடுக்களைக்குப் போனேன். தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் நான்கு எட்டு வைத்துப் போய் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கலாம். அவரால் சட்டென்று திரும்பக்கூட முடியாது. காலே எழவில்லை. ஆறு வருடமாக அவருக்கு நகம் வெட்டிவிட்டிருக்கிறேன். ஊன்றுகோல் நழுவி இரண்டு பேருமாகக் கூடத்தில் விழுந்து, எழ முடியாமல், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்திருக்கிறோம். மருந்து ஒத்துக்கொள்ளாமல் அவர் படுக்கையை நனைத்துவிட்டுக் கூனிக் குறுகிய காலையில், ஒன்றும் நடக்காதது போல விரிப்பை மாற்றிவிட்டுச் செய்தித்தாளைக் கையில் கொடுத்திருக்கிறேன். இந்த மனிதரைப் போய்த் திருட்டுத்தனமாக எட்டிப் பார்ப்பதா? டீயைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் சீட்டுகளை மடித்து டப்பாவில் போட்டு மூடிவிட்டிருந்தார். "சக்கரை சரியா இருக்கு" என்றார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணன் வந்தான். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். எங்கே போனாலும் அடுத்தவர் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, தன் கைக்குட்டையால் துடைத்துக் கொடுப்பது அவன் வழக்கம். அப்பாவுடையதைத் துடைத்துக் கொடுத்தான். அண்ணி வரவில்லை, தலைவலியாம். ஆறு வருடமாக இந்தத் தேதியில் அண்ணிக்குத் தலைவலி வருகிறது என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் உறைத்தது. தங்கை பதினைந்து நிமிடம் கழித்து வந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள். நோயாளிகளிடம் காட்டும் அதே சிரிப்போடு நுழைந்தாள். அவள் கணவன் கீழே வண்டியிலேயே இருந்துகொண்டான். இந்த வருடம் எடுக்கும் முறை தங்கையுடையது.

அப்பா டப்பாவைக் குலுக்கினார். காகிதம் தகரத்தில் உரசும் சத்தம். தங்கை கையை விட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். படிக்காமல் என்னிடம் காட்டினாள்.

என் பெயர்.

"ச்சே, என்னம்மா இது" என்றான் அண்ணன். அந்த 'ச்சே' எவ்வளவு இயல்பாக வந்தது! "சரி, வேலை என்ன, இன்னொண்ணு வராமலா போயிடும்?"

அப்பா என் பக்கம் பார்க்காமல் மீதி இரண்டு சீட்டையும் வெளியே எடுத்தார். கிழிப்பதற்காக இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். நான் குனிந்து அவர் விரல்களின்மேல் என் கையை வைத்தேன்.

"குடுங்கப்பா."

"என்னம்மா?"

"அந்த ரெண்டையும் குடுங்க. பிரிச்சுப் பாக்கறேன்."

"அது பழக்கமில்லையே." குரல் ஆய்வாளர் குரலாக மாறியது. "சந்தேகப்படுறியா?"

"நீங்க கடைக்காரன் வார்த்தைய நம்பியாப்பா முத்திரை குத்துனீங்க? கல்லத் தராசுல வச்சுப் பாத்துத்தானே குத்துனீங்க?"

அவர் விரலில் பலம் இல்லாமல் போனது. சீட்டு இரண்டும் தாமாகவே என் கைக்கு வந்தன. ஒன்றைப் பிரித்தேன். என் பெயர். இன்னொன்றைப் பிரித்தேன். அதிலும் என் பெயர்தான், அதே நீல மசி, அதே சாய்ந்த எழுத்து, கடைசி எழுத்துக்குக் கீழே அதே சின்னச் சுழி. சிறுவயதில் என் நோட்டுப் புத்தகங்களின் அட்டையில் எழுதிக் கொடுப்பாரே, அதே அழகு. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன்.

யாரும் 'ஐயோ, இது எப்படி' என்று கேட்கவில்லை. நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். அண்ணனாவது திடுக்கிடுவான், தங்கையாவது அப்பாவைப் பார்த்து என்னப்பா இது என்பாள் என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அண்ணன் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தான். தங்கைக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"எப்ப தெரியும் உனக்கு?" என்றேன் அவளிடம்.

"ரெண்டாவது வருஷம்க்கா. நான் இங்க வந்திருந்தப்ப அப்பா சட்டையத் துவைக்க எடுத்தேன், பையில துண்டு துண்டாக் கெடந்துச்சு. சும்மா ஒட்டிப் பாத்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "சொல்லணும்னுதான்..."

"உனக்கு?"

"எனக்கு அப்பவே இவ சொல்லித்தான் தெரியும்" என்றான் அண்ணன். "தப்பா எடுத்துக்காத. அப்பாவுக்கு உன்கிட்ட இருக்கத்தான் இஷ்டம். எங்க வீட்டுல மாடிப்படி வேற. பசங்க படிப்பு. நீ தனி ஆளு, உனக்கு..."

"எனக்கு என்னடா?"

அவன் முடிக்கவில்லை. முடித்திருந்தால் அறைந்திருப்பேன். நாற்பத்து நான்கு வயதில், அண்ணனை, அப்பா முன்னால். இரண்டாம் வருடத்திலிருந்து ஐந்து வருடம்! ஒவ்வொரு ஜூன் மாதமும் வந்து உட்கார்ந்து, அவர் டப்பாவைக் குலுக்க இவர்கள் பயபக்தியோடு கையை விட்டு எடுத்து, ராசி என்று சிரித்து, பாவம் என்று உச்சுக் கொட்டி, மூன்று பேருமாக என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். என் கணக்குப் பாடத்தைத் தலையாட்டிக் கேட்டார்களே, அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

அப்பாவுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏம்ப்பா?"

"உன்னக் கேட்டு நீ மாட்டேன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?" என்றார். பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், "அவங்களக் கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதக் காதால கேக்க வேணாம்னு பாத்தேன். சீட்டு சொன்னா யாரும் யாரையும் வேணாம்னு சொன்னதா ஆகாதில்ல" என்றார்.

"அப்பா, என்ன பேச்சு இது" என்றான் அண்ணன்.

"நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேன்னா நெனச்சீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "மொத நாளு ஆஸ்பத்திரியில வாயைத் தொறந்தேனேப்பா. என்கூடவே இருங்கன்னு சொல்லத்தான் தொறந்தேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என்னைக் கேட்டிருக்கலாமே. ஆறு வருஷமும் நானே வச்சுக்கிட்டிருப்பேனே. சந்தோஷமா. நானா சொல்லி வச்சுக்கிட்டிருப்பேன். இப்ப அந்த ஆறு வருஷத்துல எதை என்னுதுன்னு சொல்ல?"

அவர் கையை நீட்டி என் கையைத் தொட வந்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்தது எனக்கு வலித்தது, அவருக்கும் வலித்தது, இரண்டும் தெரிந்தேதான் எடுத்தேன்.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப என்ன பண்ணலாங்கற?" என்றான். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். மூன்று பேரும் பார்த்த விதத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. கத்துவேன், அழுவேன், கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, சரி விடுங்க, நானே வச்சுக்கறேன் என்பேன். அப்புறம் டீ போடுவேன். அவ்வளவு நன்றாக என்னைத் தெரியும் அவர்களுக்கு. அதற்கு நிகழ்தகவு ஒன்று என்று மூன்று பேருமே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்தும் நின்றது.

எழுந்து போய் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். அடிக்குச்சி வைக்கவில்லை, அளவு பார்க்கவில்லை, கையாலேயே மூன்றாகக் கிழித்தேன். அப்பாவுக்கு முன்னால் வைத்து, பேனா மூடியைக் கழற்றி அவர் விரலுக்குள் செருகினேன்.

"எழுதுங்க. மூணு பேரு பேரையும். எல்லாரும் பாக்க எழுதுங்க. அதுல என் பேரு வந்தா நான் வாயே தொறக்க மாட்டேன், அந்த லெட்டரக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"எதுக்குக்கா இதெல்லாம்" என்றாள் தங்கை. அவள் பார்வை ஜன்னலுக்குப் போனது. கீழே அவள் கணவன் வண்டியின் ஹாரனை ஒருமுறை லேசாக அடித்தான்.

அப்பா முதல் சீட்டை எடுத்தார். என் பெயரை எழுதினார். தயக்கமே இல்லை, பழகிய கை, கடைசி எழுத்துக்குச் சுழிகூடப் போட்டது. அதைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டாவதை இழுத்துக்கொண்டார். பேனாவைக் கொண்டுபோய் நடுவில் வைத்தார். அண்ணன் அவசரமாக, "அப்பா, கொஞ்சம் பொறுங்க, நான் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று ஆரம்பித்து, யார் முகத்தையும் பார்க்காமல் நிறுத்திக்கொண்டான்.

அப்பா நிமிரவில்லை. ஊரிலிருந்த தராசையெல்லாம் சோதித்துப் பார்த்த மனிதர், தலையைக் குனிந்தபடியே, கடைக்குப் புதிதாக வந்த ஆள் முதலாளியைக் கேட்பது போல மகனைக் கேட்டார்.

"எழுதவாடா?"

அண்ணன் கைக்குட்டையை மறுபடி மடிக்க ஆரம்பித்தான். பேனா முனை காகிதத்தைத் தொட்டபடி நின்றது. அதன் அடியில் நீலமாக ஒரு புள்ளி ஊறி, மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.